முழங்காலுக்கு அடியில் வந்த காப்பி

1

தோள் வலிக்கிறது. பதினாறு வயதில் சாலைக்குக் கல் உடைத்த தோள். பேனா பிடித்தாலும் விடுவதில்லை. அந்தக் கல்குவாரியில்தான் இந்தக் கதை கிடைத்தது. ஒருவனுக்குக் காப்பிக் கோப்பையை முழங்காலுக்கு அடியில் விட்டு நீட்டினார்கள். பட்ட அவமானத்துக்குப் பழி வாங்காதவனுக்கு எங்கள் அல்பேனிய மலையில் அப்படித்தான் தருவோம்.

அதையே நாட்டை உண்டாக்கிய ஒருவரிடம் நீட்டினால்?

2

சுதந்திரக் கொடி ஏறிய அன்று வானம்...

வேண்டாம். வானத்துக்கு இதில் வேலை இல்லை.

ப்ரெங்கும் ருஸ்தெமும் (இருவரும் என் கற்பனை) எங்களை ஆண்ட துருக்கி சுல்தானின் சிறையில் ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள். நாடு கிடைத்தது, பிரதமர் நாற்காலி ஒன்றுதான் இருந்தது. ருஸ்தெம் உட்கார்ந்தார். எதிர்த்துப் பேசிய ப்ரெங்கை, “சுல்தானிடம் கைநீட்டிக் காசு வாங்கியவன்” என்றார், சபை நடுவே. பொய். ப்ரெங்கின் கை இடுப்புத் துப்பாக்கிவரை போய்த் திரும்பியது. சுட்டிருந்தால் ப்ரெங்கின் மலைக்காரரும் ருஸ்தெமின் சமவெளிக்காரரும் மறுநாளே வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

3

ப்ரெங் மலைக்குத் திரும்பினார். மாமா மகன் ந்துவே வீட்டில் விருந்து. அழைக்காமலே வந்து நின்றார் ருஸ்தெம். அடுத்த வாரம் சபையில் வாக்கெடுப்பு. மலைக்காரர் ஓட்டு இல்லாவிட்டால் ஆட்சி கவிழும். வாசலேறிவிட்டால் எதிரியும் விருந்தாளிதான். அடுப்பருகே நல்ல இடம் கொடுத்தார்கள்.

ந்துவே, கையை நெஞ்சில் வைத்து ருஸ்தெமுக்குக் கோப்பை கொடுத்தான். பிறகு ப்ரெங் முன்னால் வந்து காலைத் தூக்கினான்.

“என்னடா இது?”

“காப்பிண்ணே. துப்பாக்கியத்தான் எடுக்கல, இதையாவது எடு.”

ப்ரெங் வாங்கினார். ருஸ்தெமுக்கு முகம் வெளுத்தது.

“அதக் குடிக்காதப்பா.”

“ஏன்? நீ போட்ட காப்பிதான.”

“ஓட்டு...”

“போடுறேன். உனக்கில்ல. நாட்டுக்கு.”

(இந்த இடத்தில் ப்ரெங்கை நான் நம்பவில்லை. இவ்வளவு பொறுத்தவனை நான் பார்த்ததில்லை. குடித்து முடித்த கோப்பையை ருஸ்தெம் முன்னால் கவிழ்த்து வைத்தார் என்று எழுதிய பிறகுதான் நம்பினேன்.)

4

ஒரு முடிவு: ருஸ்தெம் தன் கோப்பையையும் முழங்காலுக்கு அடியில் விட்டு வாங்கி... அழகாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

இன்னொன்று: ப்ரெங் சுடுகிறார். அப்புறம் நாடு எங்கே?

கடைசியில் ஓட்டு விழுந்தது, ஆட்சி நின்றது. ருஸ்தெம் சபையில் நன்றி சொன்னார், நன்றி மட்டும். ப்ரெங் எந்த வீட்டுக்குப் போனாலும் இன்னும் முழங்காலுக்கு அடியிலிருந்துதான் காப்பி வருகிறது. உங்கள் வீட்டுக்கு வந்தால் எப்படிக் கொடுப்பீர்கள்? நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

சபை நடுவே சொன்ன பொய்க்கு, அதே சபை நடுவே ருஸ்தெம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.