மூணாவது குழி

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குள் நாலு கேமுக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. ஒட்டியவள் சுகப்பிரியா. ஒட்டும்போது அவள் மூஞ்சியைப் பார்க்கணுமே, சிரிப்பே கிடையாது.

"பைக் ரேஸ், ரிஜெக்ட்," என்றாள். "ஒரே ரோடு, ஒரே மரம், சுத்திச் சுத்தி வருது. இதுக்கா சின்னப்புள்ளைல நான் சோறு தண்ணி இல்லாமக் கெடந்தேன்?"

"அப்போ வாத்து சுடுறது?" என்று நோட்டும் கையுமாகக் கேட்டாள் அன்னக்கிளி.

"அதுவும் ரிஜெக்ட். துப்பாக்கிய டிவிக்கு முன்னால வச்சுச் சுட்டாலும் வாத்து சாகாது, சுவத்தப் பாத்துச் சுட்டாலும் சாகாது. என்ன வாத்துட்டி அது!"

இருவரும் வடக்குப்பட்டில் முனியம்மாள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருப்பவர்கள். சுகப்பிரியாவுக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம், அன்னக்கிளிக்கு விளாத்திகுளம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு சார்ஜர் கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்தார்கள். சுகப்பிரியா எட்டு வருஷம், அன்னக்கிளி நாலு. தீபாவளிக்கு முந்தின வாரம் கம்பெனிக்காரன் பூட்டைப் போட்டுவிட்டுப் போனான். வரும்போது அன்னக்கிளி சும்மா வரவில்லை, ஸ்டிக்கர் சுருள் ரெண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். பச்சை ஒட்டினால் சரக்கு தேறியது, சிவப்பு ஒட்டினால் தேறாதது. அதைத்தான் இப்போது டிவி கேமுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த டிவி கேம் முனியம்மாளின் மகன் ஸ்ரீதருடையது. பரணைச் சுத்தம் பண்ணும்போது கிடைத்ததென்று முனியம்மாள் கொண்டுவந்து போட்டாள். மஞ்சள் கேசட், மேலே 9999 கேம் என்று கொட்டை எழுத்து. சுத்தப் புளுகு. மொத்தம் இருபதே கேம், பேரை மாற்றி மாற்றிப் போட்டுக் கேசட்காரன் ஒன்பதாயிரம் ஆக்கியிருந்தான். சின்ன வயதில் சுகப்பிரியாவின் அண்ணன் பேச்சிராஜிடம் இதே மாதிரி ஒன்று இருந்தது. தெருவில் ஒரு பயலும் சுகப்பிரியாவை ஜெயித்ததில்லை. அதை இருபது தடவையாவது அன்னக்கிளியிடம் பீற்றியிருக்கிறாள். அப்படியானால் விளையாடிப் பார்த்து எது இன்றைக்கும் தேறுது, எது தேறலைன்னு பிரிச்சிருவோம் என்று அன்னக்கிளிதான் ஆரம்பித்தாள்.

ஆரம்பித்திருக்கவே வேண்டாம்.

சுகப்பிரியாவின் வலது பெருவிரல் செத்துப்போய் ஆறு மாசமாகிறது. சொன்னால்தானே தெரியும்? அவள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. லைனில் அவள் வேலை என்னவென்றால், இடது கை கிளிப்பை எடுத்துக் குழியில் வைக்கும், வலது பெருவிரல் அதை டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தும். ஒரு ஷிப்டுக்கு மூவாயிரம் டக். முதலில் மரத்தது, பிறகு குத்தியது, இப்போது பெருவிரலும் பக்கத்து ரெண்டு விரலும் யாரோ இரவல் கொடுத்தது போல இருந்தன. டம்ளர் நழுவுகிறது. பூச்சரம் கோர்க்க முனியம்மாள் ஊசியைக் கொடுத்தபோது கண்ணு மங்கலா இருக்குக்கா என்று சொல்லித் தப்பித்தாள்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒரகடத்தில் ஒரு கார் ஒயர் கம்பெனியில் இருவருக்கும் விரல் டெஸ்ட். ஓட்டை போட்ட பலகையில் ரெண்டு நிமிஷத்தில் ஐம்பது பின் சொருக வேண்டும். சொருகினால் வேலை. இல்லையென்றால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். பேச்சிராஜ் செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட்டே போட்டுவிட்டான். "வேல கெடச்சா கேன்சல் பண்ணிக்கிடலாம். கெடைக்கலன்னா அங்க என்ன ஜோலி ஒனக்கு?" என்று காலையில்தான் போனில் சொன்னான். நல்லவன்தான், அடிக்க மாட்டான், திட்ட மாட்டான். ஆனால் அவன் வீட்டில் அவள் எந்தக் கதவையும் உள்ளேயிருந்து சாத்த முடியாது. இந்த அறைக்குச் சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. எட்டு வருஷமாக இருக்கிறது. அதை முனியம்மாளிடம் திருப்பிக் கொடுப்பதை நினைக்கும்போதெல்லாம் அவள் அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"சரி, டாங்க் போடுவோம்," என்றாள் அன்னக்கிளி. "ரெண்டு பேரும் சேந்து ஆடலாம்."

டாங்க் நல்ல கேம். செங்கல் சுவர், நடுவில் கொஞ்சம் தண்ணி, கீழே ஒரு கோட்டை, அதைக் காப்பாற்ற வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் எதிரி டாங்க் மேலே முளைக்கிற அந்த மினுக்கலைப் பார்த்ததும் இருபத்தெட்டு வயதிலும் நெஞ்சு படபடத்தது. இது தேறிவிடும், இதுக்குப் பச்சைதான் என்று சுகப்பிரியா மனசுக்குள் முடிவே பண்ணிவிட்டாள். அப்போது நேர் எதிரே ஒரு டாங்க் வந்தது. அழுத்தினாள். அழுத்தியதாகத்தான் நினைத்தாள். குண்டு வரவில்லை. எதிரி சாவகாசமாக இறங்கி வந்து கோட்டையை உடைத்துவிட்டான்.

"பட்டன் சரியில்ல," என்று டாங்க்குக்கும் சிவப்பை ஒட்டினாள். "உள்ள ரப்பர் தேஞ்சிருக்கு."

"இருக்கும்க்கா. குதிக்கிறதப் போடுவோமா?"

குதிக்கிற கேமில் ஒரு பொடியனை ஓட்டிக்கொண்டு போக வேண்டும், குழி வந்தால் குதிக்க வைக்க வேண்டும். அன்னக்கிளி ஆடினால் அவன் பாட்டுக்கு ஓடினான். சுகப்பிரியா ஆடினால் முதல் ரெண்டு சின்னக் குழியைத் தட்டுத்தடுமாறித் தாண்டி, மூணாவது குழியில் தொப்பென்று விழுந்தான். மறுபடி ஆடினாள். அதே குழி. நாலு தடவை. பொடியன் விழும்போது ஒரு கேலிச் சத்தம் வேறு வரும். அந்தச் சத்தம் அவளுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது.

"சீ, ரிஜெக்ட்!" சிவப்பை நோட்டில் அறைந்தாள். "அப்போ வேற கேமே இருந்ததில்ல, அதான் பெருசாத் தெரிஞ்சிருக்கு. ஒண்ணும் தேறாது. கழட்டி வையி."

அன்னக்கிளி கழற்றவில்லை. நோட்டைப் பார்த்தாள், ரிமோட்டைப் பார்த்தாள். நாலு வருஷ லைன் பழக்கம் அவளை விடுமா? லைனில் ஒரு சார்ஜர் வேலை செய்யவில்லையென்றால் யாரும் வாயால் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். நல்லதிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிக் கெட்டதில் போடுவார்கள், கெட்டதை நல்லதில். கோளாறு எது கூடப் போகிறதோ அதுதான் குற்றவாளி.

"யக்கா, மாத்திப் போட்டுப் பாப்போமா? என் ரிமோட்ட நீ புடி, ஒன்னுத நான் புடிக்கேன்."

சுகப்பிரியா ரிமோட்டை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். "எதுக்கு? வேல இல்லையா நமக்கு?"

"ரிமோட்டா கேமான்னு தெரியணும்லா? சும்மா சிவப்பு ஒட்டுனா நம்ம சூப்பர்வைசர் என்ன சொல்லுவாரு? மாத்திப் பாத்தியா, மாத்திப் பாத்தியாம்பாரு."

மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். மாற்றினால் தெரிந்துவிடும். சுகப்பிரியா ரிமோட்டை நீட்டினாள். அன்னக்கிளி தேய்ந்ததாகச் சொன்ன அந்த ரிமோட்டில் டாங்க்கை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள், குண்டு சரம் சரமாகப் போனது. நல்ல ரிமோட்டில் சுகப்பிரியாவின் டாங்க் சுடாமல் நின்றது. பிறகு குதிக்கிற கேம். பொடியன் ஓடினான், முதல் குழி, ரெண்டாவது குழி. மூணாவதில் தொப்.

அறையில் கேலிச் சத்தம் மட்டும் கேட்டது. அன்னக்கிளி அவள் பக்கம் திரும்பவில்லை. தன் முறை வந்ததும் ஆடினாள். மூணாவது குழி வந்தது, அவள் பொடியனும் உள்ளே விழுந்தான்.

"பாத்தியா, நானும் விழுந்துட்டேன்," என்றாள் அன்னக்கிளி. "கேம்தான்க்கா கோளாறு. சிவப்பே இருக்கட்டும்."

சுகப்பிரியாவுக்கு வந்ததே கோபம்! காலையிலிருந்து எட்டுத் தடவை அந்தக் குழியைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியவள் இவள்.

"ஏட்டி, யாருகிட்ட நடிக்க? எட்டு வருசம் சரக்குப் பாத்தவ நான். தேறாததத் தேறுச்சுன்னு தள்ளிவிட்டா எனக்குத் தெரியாதா?"

"யக்கா..."

"கேம்ல ஒரு மண்ணும் இல்ல. எல்லா கேமும் நல்லாத்தான் இருக்கு. வெரலுதான் செத்துப்போச்சு." சொல்லி முடித்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்கு அம்பது. நான் திருட்டுத்தனமாப் போட்டுப் பாத்தேன், முப்பத்தொண்ணு வருது. முப்பத்தொண்ணுக்கு எவன் வேல தருவான்? நான் ஊருக்குப் போமாட்டேன்ட்டி. சத்தியமா என்னால முடியாது."

அன்னக்கிளி நகர்ந்து வந்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பெருவிரலை அழுத்தினாள். தெரியுதா என்று கேட்டாள். தெரியவில்லை என்று தலையை ஆட்டினாள் சுகப்பிரியா. பிறகு அவளே சிவப்புச் சுருளிலிருந்து ஒரு ஸ்டிக்கரைக் கிழித்துப் பெருவிரலில் ஒட்டிக்கொண்டாள்.

"சரி. இது ரிஜெக்ட்," என்றாள் அன்னக்கிளி. "அடுத்தத இன்னும் பாக்கவே இல்லையே நாம."

"எத?"

அன்னக்கிளி ரிமோட்டை வாங்கித் தலைகீழாகத் திருப்பித் தரையில் வைத்தாள். இப்போது சுடுகிற பட்டன் இடது பக்கம் வந்துவிட்டது. "லைன்ல கிளிப்ப எடுத்துக் குழில வச்சது எந்தக் கைக்கா? ஒன் எடது கைதான? அமுக்குறது மட்டுந்தான வலது? பின்னு சொருவுறது வைக்கிற வேலதான?"

சுகப்பிரியா அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். நாளைக்கு எந்தக் கை என்று யாருமே சொல்லவில்லை. அவளாகத்தான் வலது என்று நினைத்திருந்தாள்.

தலைகீழ் ரிமோட்டில் இடது வலதானது, வலது இடதானது. பொடியன் பின்னாலேயே ஓடி முட்டிக்கொண்டு நின்றான். அன்னக்கிளி விழுந்து விழுந்து சிரித்தாள். பன்னிரண்டரை மணிக்கு முதல் குழி. ஒன்றே காலுக்கு ரெண்டாவது. சோறு ஆறிப்போனது. ரெண்டு மணிக்கு மூணாவது குழியின் விளிம்பில் இடது பெருவிரல் பட்டனைத் தட்டியது, பொடியன் எழும்பினான், அந்தப் பக்கம் போய் நின்றான். சுகப்பிரியா எழுந்து நின்று கத்தியதில் கீழேயிருந்து முனியம்மாள் மூச்சிரைக்க மாடியேறி வந்துவிட்டாள்.

"இன்னாங்கடி, வூட்டை இடிச்சிக்கினு கீறீங்களா?"

"அக்கா, ஒங்க பூந்திக் கரண்டி வேணும்," என்றாள் அன்னக்கிளி.

"பூந்தியா சுடப் போறீங்க?"

"ஓட்ட வேணும்க்கா, ஓட்ட!"

முனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தாள். சுகப்பிரியா கரண்டியைச் சொம்பின் மேல் கவிழ்த்து, துடைப்பத்து ஈர்க்கைத் துண்டு துண்டாக உடைத்து, இடது கையால் ஒவ்வொரு ஓட்டையாகச் சொருகினாள். அன்னக்கிளி செல்போனில் ரெண்டு நிமிஷம் வைத்தாள். முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. கை வலித்தால் நிறுத்திவிட்டு ஒரு கேம், பிறகு மறுபடி கரண்டி. டாங்க்குக்குச் சிவப்பை உரித்துப் பச்சை ஒட்டினாள், குதிக்கிறதுக்கும் பச்சை. பைக் ரேஸ் மட்டும் எந்தக் கையில் ஆடினாலும் தேறவில்லை. அதே ரோடு, அதே மரம். அதுக்குச் சிவப்பே இருந்துவிட்டது. விளக்கு ஏற்றும் நேரத்துக்குக் கணக்கு நாற்பத்தேழில் நின்றது, அதற்கு மேல் ஏறவே மாட்டேனென்று அடம்பிடித்தது.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் அன்னக்கிளி அவள் பெருவிரல் ஸ்டிக்கரை உரித்தாள். "இதோட போனா வாசல்லயே திருப்பி அனுப்பிருவான்." சுகப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தேழு, நாற்பத்தேழு என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

ஃபாரத்தில் வலதா இடதா என்று ஒரு கட்டம் இருக்கத்தான் இருந்தது. அன்னக்கிளியே எழுதிக் கொடுத்தாள், இடதில் டிக் போட்டாள். அன்னக்கிளி முதல் வரிசையில் உள்ளே போய் ஐம்பத்தாறு சொருகிவிட்டு வெளியே வந்தாள். அடுத்து சுகப்பிரியா. டெஸ்ட் எடுத்தவர் வனமாமலை என்று சட்டையில் பேர் குத்தியிருந்தவர். விசில் ஊதினார்.

முதல் பின்னே கீழே விழுந்தது. அவள் குனியவில்லை. எடு, வை, எடு, வை. லைன் ஓடுகிற சத்தம் காதுக்குள் கேட்டது, கிளிப் கிளிப்பாக எட்டு வருஷம் எடுத்து வைத்த கை அது. அழுத்துகிற வேலையை யாரும் கேட்கவில்லை, வைத்தால் போதும். விசில் மறுபடி ஊதியபோது அவளுக்கு எண்ணத் தைரியமில்லை. வனமாமலை விரலால் வரிசை வரிசையாக எண்ணினார்.

"அம்பத்தொண்ணு. சரி. கையெழுத்துப் போடும்மா."

பேனாவை நீட்டினார். அவள் வலது கை தானாக எழுந்தது, பாதியில் நின்றது. அவர் அதைப் பார்த்துவிட்டார். சட்டென்று இடது கையால் பேனாவை வாங்கிச் சுகப்பிரியா என்று எழுதினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரி 'சு' ஒரு பக்கம் சாய்ந்தது, 'யா' கோட்டைத் தாண்டிப் போனது.

வனமாமலை காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். "எட்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்னு போட்டிருக்கு. எட்டு வருஷம் லைன்ல இருந்தவ கையெழுத்தா இது?"

சுகப்பிரியா பேனாவை மேஜையில் வைத்தாள். நிமிர்ந்து சொன்னாள்.

"லைன்ல கையெழுத்த எவரு சார் கேட்டா? கையத்தான கேட்டாங்க."

வனமாமலை அவள் மடக்கி வைத்திருந்த வலது கையையும், அந்தப் பெருவிரலில் சதுரமாக ஒட்டியிருந்த பசைத் தடத்தையும் பார்த்தார். அவரும் ஏதோ ஒரு லைனிலிருந்து மேலே வந்தவராகத்தான் இருக்கணும். மேஜை டிராயரைத் திறந்து ஒரு பச்சை ஸ்டிக்கரை எடுத்து ஃபாரத்தின் மூலையில் ஒட்டி, "அடுத்து வா," என்றார், அவளுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்து.

வெளியே வந்ததும் கேட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். பேச்சிராஜ் கூப்பிட்டான். இடது கையால் போனை எடுத்துக் காதில் வைத்தாள். இடுப்பில் சாவி இருக்கிறதா என்று வலது கையால் தடவினாள். விரலுக்குத் தெரியவில்லை, உள்ளங்கைக்குத் தெரிந்தது.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிருண்ணே," என்றாள்.