சாராளின் ரத்தத்தில் இருந்தது

முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனதற்கு சாராளின் ஸ்கூட்டிதான் காரணம் என்று மாமியார் ஹெலன் முடிவு கட்டியிருந்தாள். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் ரிசப்ஷன் வேலை. திருக்கழுக்குன்றத்திலிருந்து சாராள் தினமும் அந்த வண்டியில்தான் போய்வந்தாள். அப்போது பிரஷர் எகிறியதை யாரும் பேசவில்லை, வண்டியைத்தான் பேசினார்கள். சர்ச் வாசலில்கூட.

மறுபடி உண்டானபோது, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் அன்பரசி கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆராய்ச்சிக்கு அவளாகவே போய் ரத்தம் கொடுத்தாள். முடிவு வந்ததும் டாக்டர் அவளை உட்காரவைத்துப் பேசினார்.

“ரத்தத்துல துத்தநாகம், செலினியம் ரெண்டும் கம்மி. செம்பு ஜாஸ்தி. இப்படி இருக்கறவங்களுக்குப் பின்னாடி பிரஷர் ஏறுதான்னுதான் பாக்கறோம். இது சோசியம் இல்லம்மா, ஏறாமலும் போலாம். ஆனா உங்களுக்கு ஒரு தடவ ஆயிருக்கு. விடாம பாத்துக்கணும்.”

“அப்ப வண்டி ஓட்டுனதால இல்லியா டாக்டர்?”

“வண்டியால பிரஷர் வராதும்மா.”

அதை வீட்டுக் கூடத்தில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள் சாராள். ஹெலன் அசரவில்லை.

“ரத்தத்துல செம்பு கீதாம்! இன்னா, ரத்தமா பாத்திரக்கடையா? வேலய வுட்டுட்டு வூட்ல கெட.”

“வேலையும் வுடமாட்டேன், ஆஸ்பத்திரியும் வுடமாட்டேன் அத்தே.”

கணவன் பூபாலன் படூரில் கல்லூரி பஸ் ஓட்டுகிறவன். மறுநாள் அவன் பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கிவந்து அவள் தலைமாட்டில் வைத்தான்.

எட்டாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். மதுராந்தகத்துச் சொந்தமெல்லாம் பூபாலன் ஓட்டிவந்த வேனில் வந்திறங்கியது. போதகர் ஜெபம் முடித்து, ஒரு கை நிறைய வளையல் ஏறியிருந்த நேரம், சாராளுக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. எழுந்து உள்ளே போய் மெஷினைக் கட்டி, பிரஷர் எகிறியிருந்ததைப் பார்த்தவள், பட்டுப்புடவையோடு நேரே வாசலுக்கு நடந்தாள்.

ஹெலன் குறுக்கே வந்து நின்றாள். “இன்னொரு கை வெறுங்கையா கீது! பாதில எழுந்து போனா புள்ளைக்கு ஆவாது. சொந்தக்காரங்க இன்னா நெனப்பாங்க?”

“போன தடவ தலவலின்னேன். சுக்கு பத்து போட்டுப் படுக்கவச்சீங்க. நானும் படுத்துகினு இருந்தேன். இந்த தடவ யாரு இன்னா நெனச்சாலும் போறேன். வழி வுடுங்க.” அவள் பூபாலனைத் திரும்பிப் பார்த்தாள். “நீ வர்றியா, நானே போய்க்கவா?”

பூபாலன் அம்மாவின் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினான். “வேன் சாவி எங்கிட்ட கீது. வா.”

செங்கல்பட்டில் பிரஷரைப் பார்த்ததும் நேரே வார்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். சாயங்காலமே ஆபரேஷன். பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோ தேறவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வாரக்கணக்காகக் கிடந்து பிழைத்துக்கொண்டது.

ஆபரேஷனான நாலாம் நாளே பார்க்க வந்த உறவுக்காரி ஒருத்தியிடம் ஹெலன் கிசுகிசுத்தாள். “வளைகாப்பப் பாதில வுட்டுட்டு வந்தா இல்ல, அதான் கொற மாசம்.”

தையல் இழுக்க, கட்டில் கம்பியைப் பிடித்து சாராள் எழுந்து நின்றாள்.

“எழுந்து வந்ததாலதான் ரெண்டு பேரும் உசுரோட கீறோம். என் புள்ளைங்களுக்கு ஆனதுக்கெல்லாம் நீங்க காரணம் கண்டுபுடிச்சது போதும்.”

வார்டே திரும்பிப் பார்த்தது. ஹெலன் தலையைக் குனிந்துகொண்டாள். பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் ஊற்றி, “பால் எதனா குடிக்கிறியா?” என்று கேட்டாள்.

சாராள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். கோபம் தீர இன்னும் நாளாகும் என்று அவளுக்குத் தெரிந்தது.