பூவில் பேசிய விலை

"வலது பக்கம் மொதல்ல ஊத்துங்க," என்றார் பள்ளிவாசல் மோதினார்.

ரஷீது செம்பைச் சாய்த்தான். வெதுவெதுப்பான தண்ணீர் அத்தாவின் தோளில் விழுந்து, பலகையின் விளிம்பிலிருந்து கொல்லை மண்ணில் சொட்டியது. நாலு பக்கமும் பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பி நின்றார்கள். உயிரோடு இருந்தபோது மகனிடம் முதுகு தேய்க்கக்கூடச் சொல்லாத மனுஷர். இன்றைக்கு எதற்கும் மறுப்புச் சொல்லாமல் கிடந்தார்.

உடம்பெல்லாம் வெளுத்த பிறகும் விரல் நுனிகள் மட்டும் கறுப்பாகவே இருந்தன. வாழ்நாள் முழுக்கப் புளியைப் பிட்டுப் பிட்டுத் தரம் பார்த்த விரல்கள். ரஷீது சோப்பைப் போட்டு அழுத்தித் தேய்த்தான்.

"அது போவாது தம்பி, வுட்டுடு. நேரமாவுது."

கஃபன் துணி சுற்றியானதும் பள்ளிவாசல் ஹஜ்ரத் அவனைத் தனியே அழைத்தார். "லுஹர் தொழுகை முடிஞ்சதும் தொழ வெச்சிடலாம். அதுக்கு முன்னாடி நீதான் எந்திரிச்சு சொல்லணும். தெரியுமில்ல?"

தெரியும். யார் ஜனாஸாவானாலும், தொழுகைக்கு முன் வாரிசு ஒருவன் எழுந்து நிற்பான். இறந்தவர் யாருக்காவது பாக்கி வைத்திருந்தால் என்னிடம் வந்து கேளுங்கள், நான் பொறுப்பு என்பான். கடனோடு யாரும் குழிக்குள் போகக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். இரண்டே வாக்கியம். குடிகாரப் பிள்ளைகள்கூட அதைத் தட்டாமல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ரஷீதால் அந்த இரண்டு வாக்கியத்தை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. பக்ருதீன் பாய் கடன்பட்டுச் செத்தார் என்று தர்மபுரிக் கடைவீதிக்கே தெரியும். அந்தக் கடன் அவருடையது அல்ல, மகனுடையது என்பது தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் இப்போது வெள்ளைத் துணிக்குள் இருந்தார்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் தீர்த்தமலைப் பக்கம் புளியமரங்கள் பூத்த பூவைப் பார்த்து ரஷீதுக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற வியாபாரிகள் பிஞ்சு பிடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். பூவிலேயே குத்தகை பேசினால் பாதி விலைக்கு முடியும், ஒரே வருஷத்தில் சொந்த மண்டி போட்டுவிடலாம் என்பது அவன் கணக்கு. "பிஞ்சு நிக்கட்டும்டா, ஒரு மாசம் பொறு," என்றார் அத்தா. அவன் பொறுக்கவில்லை. "இப்படியே பயந்து பயந்துதான் காலம் பூரா சில்லறை யாவாரம் பண்ணீங்க," என்று நடுவீட்டில் நின்று கத்தினான். அத்தா சட்டையை மாட்டிக்கொண்டு அதியமான்கோட்டைக்குப் பஸ் ஏறினார். அங்கே தனக்குப் புளி விற்கும் காளியப்பனிடம், அவர் மகள் காவேரியின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பணத்தைத் தன் வாயால் கேட்டு வாங்கி வந்தார். சீட்டு இல்லை, சாட்சி இல்லை. முப்பது வருஷப் பழக்கம்தான் சாட்சி.

அந்த வருஷம் மழையே இல்லை. காய்ந்த காற்றில் பூ அத்தனையும் உதிர்ந்து மரத்தடியில் மெத்தை போட்டது. ரஷீது கையைச் சுட்டுக்கொண்டான். காவேரிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் இரண்டு முறை தவணை கொடுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது கடைவீதியில் கேட்டவர்களிடமெல்லாம் அத்தா, "நான் பண்ண தப்பு," என்றே சொன்னார். ரஷீது பக்கத்தில்தான் நின்றான். அவர் சொல்லட்டும் என்று விட்டுவிட்டான். அதுதான் அவன் செய்ததிலேயே கேவலமான காரியம். அவனுக்கே அது தெரியும்.

அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்குமுன் அம்மாவைப் பார்க்க உள்ளே போனான். ரஹமத் பீவி வெள்ளைச் சேலையில் மூலையில் உட்கார்ந்திருந்தாள். இத்தா முடியும்வரை வெளி ஆண்கள் முன் வரக் கூடாது. அழுது முடித்திருந்தாள். குரலில் ஈரமே இல்லை.

"பள்ளிவாசல்ல என்ன சொல்லப் போற?"

"எல்லாரும் சொல்றதுதாம்மா."

"அத்தா கடன நான் ஏத்துக்கறேன்னா?"

அவன் தலையாட்டினான்.

"அவுரு கடன்னு சொல்லாதடா. அந்த மனுசன் பேர்ல ஒண்ணுமில்ல. உள்ளதச் சொல்லு. காளியப்பன் காதுல வுழற மாதிரி சொல்லு. நான் வெளிய வர முடிஞ்சா நானே சொல்லிருப்பேன்."

"சரிம்மா."

"வெறுஞ் சரி வேணாம்."

"சொல்றேம்மா."

பள்ளிவாசல் முற்றத்தில் வரிசை கட்டி நின்றார்கள். செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், மற்ற மதத்துக்காரர்களோடு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு காளியப்பன் நின்றார். கண் சிவந்திருந்தது. விடிந்ததும் முதல் ஆளாக வந்தவர், ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை. ஹஜ்ரத் ரஷீதைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவன் வரிசையிலிருந்து முன்னால் வந்து ஜனங்களைப் பார்த்துத் திரும்பினான். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடிதான் வந்திருந்தான். அத்தாவுக்குக் கடன் இல்லை. எல்லாம் நான் வைத்தது. அவ்வளவுதான். ஆனால் அத்தனை முகங்களும் அவனை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தன. தகப்பனை இழந்த பிள்ளை என்ற இரக்கம். இன்னும் ஒரு நிமிஷத்துக்கு அந்த இரக்கம் இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது.

"எங்க அத்தா... யாருக்காச்சும் பாக்கி தர வேண்டியிருந்தா, எங்கிட்ட வந்து கேளுங்க. நான் பொறுப்பேத்துக்கறேன்."

வாய் தானாகச் சொல்லி முடித்துவிட்டது. முன்வரிசைக் கிழவர் ஒருவர், "நல்ல புள்ள," என்று முணுமுணுத்தார்.

செருப்புப் பக்கத்திலிருந்து காளியப்பனின் குரல் வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லிக்கிறேனுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். அவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பாய் எனக்குக் கொஞ்சம் பணம் தர வேண்டியிருந்ததுங்க. அத நான் வுட்டுட்டேன். இனி அவுருக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல. அவுரு நல்லபடியாப் போவட்டும்."

முற்றத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. யாரோ சத்தமாக அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். ரஷீதுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. பாரம் இறங்கிய நிம்மதி. அடுத்த கணமே அந்த நிம்மதியை உணர்ந்ததற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அதற்குள் ஹஜ்ரத் தக்பீர் சொல்லிவிட்டார். அவன் கையைக் கட்டிக்கொண்டு தொழுதான்.

கபர்ஸ்தானில் எல்லாரும் மண் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். வாசல் குழாயடியில் காளியப்பன் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். ரஷீது பக்கத்தில் போய் நின்றான். சின்ன வயதிலிருந்தே அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான்.

"சித்தப்பா, அந்தப் பணம் அத்தா கடன் இல்ல."

"வுடு தம்பி. அதான் முடிஞ்சு போச்சே."

"முடியலீங்க. நான்தான் பூவுல குத்தகை பேசுனேன். அவுரு வேணாம்னாரு. நான் கத்துனதுக்காவத்தான் உங்ககிட்ட வந்து கேட்டாரு. என் கடன் அது. அங்கயே சொல்லியிருக்கணும். வாய் வரல."

காளியப்பன் குழாயை மூடினார். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ரஷீது பிழைத்திருப்பான். பாசம்தான் இருந்தது.

"போன மாசம் பெரியாஸ்பத்திரில பாக்கப் போனேன் இல்ல, அப்பவே பாய் எல்லாத்தயும் சொல்லிட்டாரு. 'எம் பையன் வேணாம் வேணாம்னு தலையில அடிச்சிக்கிட்டான் காளியப்பா, நான்தான் ஆசையில எறங்கிட்டேன், அவன் மேல மட்டும் வருத்தம் வெச்சிக்காத'ன்னு கையப் புடிச்சிக்கிட்டு அழுவுறாரு."

"பொய்யிங்க அது. எனக்காவச் சொன்ன பொய்."

"சாவப் போற மனுசன் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"அம்மாவக் கேளுங்க. அவுங்களுக்குத் தெரியும்."

"அந்தம்மாவும் உன்னாட்டம்தான் சொல்லும். புருசன் பேரக் காப்பாத்தத்தான பாக்கும்." அவன் தோளில் கை வைத்தார். "செத்தவன் பேர் கெடக் கூடாதுன்னு பழிய உன் தலையில தூக்கி வெச்சிக்கற. இப்படி ஒரு புள்ளயப் பெத்தாரே, பாய் குடுத்து வெச்சவரு."

"பணத்த நான் குடுத்துடறேன் சித்தப்பா. கொஞ்சங் கொஞ்சமாவாவது குடுத்துடறேன்."

"குடுத்தா நான் வாங்குவனா? அத்தன பேரு முன்னாடி வுட்டுட்டேன்னு சொல்லியிருக்கேன். சாமி எடத்துல நின்னு சொன்னது. நான் பேச்சு மாறுனவனாயிடுவேன். அந்தப் பேச்ச இனி எடுக்காத."

அவர் பஸ்ஸுக்கு நடந்தார். வேட்டியின் பின்பக்கத்தில் கபர் மண் ஒட்டியிருந்தது. ரஷீது குழாயடியிலேயே நின்றான். இந்த இரண்டு வருஷத்தில் எந்த நாளில் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருப்பார். திட்டியிருப்பார், அறைந்துகூட இருப்பார். இன்று மத்தியானம் முற்றத்தில் சொல்லியிருந்தாலும் ஒருவேளை நம்பியிருப்பார். மகனுக்கு ஒரு குறையும் வரக் கூடாதென்று அத்தா எல்லாக் கதவையும் சாத்திவிட்டுப் போயிருந்தார். கடைசிக் கதவை இவனே சாத்திவிட்டான்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு ஒரு பெரிய தூக்குச்சட்டியும் கூடையும் வந்தன. மவுத்தான வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது, அக்கம்பக்கம்தான் சோறு தரும். இது அக்கம்பக்கம் இல்லை. காவேரி டவுன் பஸ்ஸில் தன் அம்மாவோடு கொண்டுவந்திருந்தாள். அவளோடு பள்ளிக்கூடம் போன பெண்களுக்கெல்லாம் இடுப்பில் ஒரு பிள்ளை. இவள் இன்னும் தாவணிதான் கட்டியிருந்தாள். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவளே இலை போட்டுப் பரிமாறினாள்.

உள்ளே இருந்து அம்மா கூப்பிட்டாள். அவன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"சொன்னியா?"

"சொன்னேம்மா."

"எப்ப?"

அவன் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். திரைக்கு அந்தப் பக்கம் தஸ்பீஹ் மணி உருளும் சத்தம் கேட்டது. அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. இனிக் கேட்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

காவேரி அவனைத் தேடி வந்தாள்.

"ரஷீதண்ணா, நீங்க மட்டுந்தான் பாக்கி. வந்து உக்காருங்க. எங்கப்பா, 'அண்ணன் சாப்புட்டதப் பாத்துட்டுத்தான் வரணும்'னு சொல்லி அனுப்பிச்சாரு."

உட்கார்ந்தான். அவள் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். புளிக்குழம்பு. அவர்கள் காட்டு மரத்துப் புளி, நல்ல பழம், பிட்டுப் பார்க்காமலே வாசனையில் தெரிந்தது. அவன் பிசைந்து ஒரு வாய் வைத்தான். விழுங்கினான். இன்னொரு வாய்.

"நல்லாருக்குதுங்களா?"

தலையசைத்தான். அவள் கரண்டியில் மறுசோறு எடுத்துக் குனிந்து நின்றாள். இலைக்கு மேல் கையை நீட்டிப் போதும் என்று மறிக்க நினைத்தான். கை எழவில்லை. அவள் போட்டாள்.