தொமிதிலாவின் பிள்ளை

தெகுசிகல்பா நகரத்து மலைச்சரிவில் இருந்த எங்கள் அறுபது குடிசைகளையும் நிலத்துக்காரனின் ஆட்கள் காலையிலேயே இடித்துத் தள்ளிவிட்டார்கள். மாதா கோயிலைத் தொட மட்டும் பயந்தார்கள். தடையுத்தரவு வாங்க ஆறு மாதமாக அலைந்த பங்குச்சாமி எவாரிஸ்தோ வெறுங்கையோடு நின்றார்.

“கடவுளோட வீடு மட்டும் தப்பிச்சிருச்சு, பாத்தீங்களா?” என்றாள் மழையில் பிரசவ வலியோடு நின்ற தொமிதிலா.

சாமி கோயில் கதவைத் திறந்தார். பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டு எல்லோரையும் உள்ளே அழைத்தார். பீடத்துத் துணியை உருவி அவளுக்கு விரித்தார்.

சாயங்காலம் பிள்ளை பிறந்தது. மூச்சில்லை. சாமி அதைக் கையில் ஏந்தி, “என்னால எதுவுமே முடியலம்மா” என்று தேம்பினார்.

“எங்களை விட்டுட்டு மட்டும் போயிறாதீங்க சாமி” என்றாள் அவள்.

மறுநாள் அந்த ஆட்கள் எங்களை விரட்டக் கோயிலுக்கே வந்தார்கள். சாமி வாசலில் உட்கார்ந்தார். பக்கத்தில் நாங்களும் உட்கார்ந்தோம்.