இரண்டாம் வருஷம்

ருமியாத்தி தைவானுக்குப் போகக் கூடாது. அந்த மழைக்காலம் முழுக்க வினார்சிக்கு இந்த ஒரு நினைப்புதான். சோறு ஆக்கும்போதும் அதுதான், தொழுகைப் பாயில் உட்காரும்போதும் அதுதான்.

ருமி அவளுடைய தங்கை. அவள் போனால், இன்னும் பால் மறக்காத டானாங்கை வினார்சிதான் வளர்க்க வேண்டும். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் கிடையாது. வினார்சி தைவானில் வீட்டு வேலைக்கு இருந்த காலமெல்லாம் அவள் மகன் பாயுவை வளர்த்தவள் ருமி. பாயுவின் அப்பன், பெண்டாட்டி விமானம் ஏறிய சூடு ஆறுவதற்குள் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தியோடு குடித்தனம் போய்விட்டான். அப்போது பள்ளிச் சீருடையைக்கூடக் கழற்றாத ருமி, அந்த மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பாயு இப்போது மீசை அரும்பிய பையன். ருமியிடம் "சோறு போடு, பசிக்குது" என்று அதட்டுவான். பெற்றவளிடம் "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்பான். என்ன மரியாதையான பிள்ளை என்று ஊரே மெச்சியது. அது விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை என்பது வினார்சிக்கு மட்டும் தெரியும்.

பொனொரோகோ பக்கம் இந்த மாதிரி ஊர்கள் நிறைய. சுவரெல்லாம் டைல்ஸ் ஒட்டிய வீடு கண்ணில் பட்டால், அந்த வீட்டுப் பெண் தைவானிலோ ஹாங்காங்கிலோ யாரோ ஒரு கிழவனுக்குப் பீத்துணி அலசிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். டைல்ஸ் பளபளக்கும், அதைத் துடைக்கத்தான் வீட்டில் பெண் இருக்கமாட்டாள். இதை ஊரில் யாரிடமாவது சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் வீட்டுச் சுவரிலும் டைல்ஸ் இருக்கிறதே.

ருமியின் புருஷன் சுகெங் நல்லவன். அதைத் தவிர அவனிடம் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வளர்த்த கோழியெல்லாம் ஒரே வாரத்தில் சுருண்டு செத்த பிறகு, துக்கிரான் அந்த வீட்டுக்கு வரப்போக ஆரம்பித்தார். வெளிநாட்டுக்கு ஆள் பிடிக்கிறவர். ஊரில் அவரை 'ஸ்பான்சர்' என்று கௌரவமாகச் சொல்வார்கள். மலாங் நகரத்தில் இருக்கும் பயிற்சி விடுதியில் ருமி வந்து சேர வேண்டியதுதான் பாக்கி என்று அவர் சொல்லிவிட்டார். ருமியோ பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாள், அடுத்த வாரம் என்பாள். அடுத்த வாரமும் அதையே சொல்வாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வினார்சி உயிரோடு இருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் ஹெஸ்தி வந்து சேர்ந்தாள். வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்காக மடியுன் நகரத்தில் ஒரு சங்கம் நடத்துகிறவர்களில் ஒருத்தி. திரும்பி வந்தவர்களைப் பிடித்து, போகப்போகிறவர்களிடம் பேச வைப்பது அவள் வேலை. வினார்சியும் ஒரு தடவை பேசினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பெண்கள் வீடு மாற்றி வீடு கூடி, குர்ஆனிலிருந்து யாசீன் ஓதுவார்கள். ஓதி முடித்துத் தேநீர் வரும் நேரத்தில், பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுக்காதே, ஒப்பந்தத்தைப் படித்துப் பார் என்று ஹெஸ்தி சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தாள். கேட்டவர்கள் அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் போனைப் பார்த்தார்கள். ருமி டானாங்கின் தலையில் பேன் பார்த்தாள்.

அன்று வெளியே வந்ததும், சொன்னது ஒருத்தி காதிலும் ஏறவில்லை என்று வினார்சி ஹெஸ்தியிடம் வருத்தப்பட்டாள். ஹெஸ்தி, "புத்திமதி சொல்லாதீங்க அக்கா. அதைக் கேக்கவா அவங்க வந்திருக்காங்க? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க. எதைச் சொல்ல வாய் வரமாட்டேங்குதோ, அதைச் சொல்லுங்க" என்றாள்.

அது என்ன என்று வினார்சிக்குத் தெரியும். அதைத்தான் அவள் திரும்பி வந்த நாளிலிருந்து நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தாள். அவள் வாய் திறக்காததால், அங்கே முதலாளி அடித்திருப்பான், சூடு போட்டிருப்பான் என்று ஊர் தானாகவே ஒரு கதை கட்டியிருந்தது. அடி உதைக் கதையை இந்த ஊர்ப் பெண்கள் ஏராளமாகக் கேட்டுவிட்டார்கள். கேட்டு உச்சுக் கொட்டிவிட்டு, நமக்கு நல்ல முதலாளி வாய்ப்பாள் என்று கிளம்பிப் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். வினார்சிக்கு வாய்த்தது நல்ல முதலாளிதான். நல்ல முதலாளி வாய்த்தும் என்ன நடக்கும் என்பதை அவள்தான் சொல்ல முடியும். சொன்னால் சாயங்காலத்துக்குள் அது பாயுவின் காதுக்குப் போய்விடும். ராத்திரி எல்லாம் புரண்டு படுத்து யோசித்தாள். பாயு ஏற்கெனவே கைவிட்டுப் போன பிள்ளை. டானாங் இன்னும் போகவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

அடுத்த கூட்டம் சர்பினி வீட்டில். ஹாங்காங்கில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவள் சர்பினி, நாக்கு நீளம். "என்ன வினார்சி, இன்னிக்கும் பாஸ்போர்ட் பாடம்தானா? அப்ப நான் போய் எலைச்சோத்தை எடுத்து வெக்கறேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். வினார்சியும் சிரித்தாள். ருமி கடைசி வரிசையில், டானாங்கைத் தூளித் துணியில் கட்டி மார்போடு சேர்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னை யாரும் அடிக்கலை" என்று வினார்சி ஆரம்பித்தாள். "வயிறாரப் போட்டாங்க. தனி ரூம், தனிக் கட்டில். நான் பாத்துக்கிட்ட பெரியவரை ஆகோங்னு கூப்பிடுவேன், தாத்தான்னு அர்த்தம். மொத வருஷம் பூரா பாயுவை நெனச்சு, குளியலறையில கொழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன். தண்ணிச் சத்தத்துல வெளிய கேக்காது. தண்ணி பில்லு ஏன் இப்படி ஏறுதுன்னு முதலாளியம்மா மண்டையப் பிச்சுக்கிட்டாங்க."

மறுபடியும் சிரிப்பு. ஆனால் கடலை உரிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"ரெண்டாவது வருஷம். ஒரு ஞாயித்துக்கெழம, ஸ்டேஷன் வாசல்ல நம்ம ஊர்ப் பொண்ணுங்களோட உக்காந்து கறி உருண்டை சூப்பு சாப்பிட்டுட்டு இருந்தேன். ருமிகிட்ட இருந்து போன். பாயுவுக்குக் காய்ச்சல், அம்மா அம்மான்னு அனத்தறான்னு சொன்னா. மருந்து குடுன்னு சொல்லிட்டு வெச்சேன். வெச்சுட்டு, பக்கத்துல இருந்தவகிட்ட மொளகாச் சாந்து கேட்டு வாங்கிப் போட்டுச் சாப்பிட்டேன். ருசியா இருந்துச்சு. ராத்திரி படுத்தப்பதான் தெரிஞ்சுது, எனக்கு வலிக்கவே இல்ல. தேடிப் பாத்தேன். எங்கயும் வலிக்கல."

வினார்சி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். அதே வருஷம் ஆகோங்குக்கு இருமல் வந்தபோது வாரக்கணக்கில் தூங்காமல் முதுகைத் தடவிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். பல வருஷம் கழித்து அவர் செத்த அன்று அவருடைய கால்களைக் கட்டிக்கொண்டு புரண்டு அழுததையும், அவர் பெற்ற பெண்கள் எழுந்து நின்று இவளை வேடிக்கை பார்த்ததையும் சொன்னாள். அவரைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போய் ஊர் திரும்பிய நாளில், பஸ் நிலையத்தில் பாயு வந்து இவள் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு, வாத்தியாரம்மாவிடம் கேட்பது போல, பயணம் சௌகரியமாக இருந்ததா என்று கேட்டான். வளர்ந்த ஒரு பையன் எதிரில் நிற்பதைத் தவிர அப்போதும் தனக்குள் ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னாள். அதைச் சொல்லும்போது தரையைத்தான் பார்த்தாள்.

"வலிக்கும்னு நெனச்சு பயப்படாதீங்க" என்று முடித்தாள். "அது போயிடும். அது போயிடுதே, அதுக்குத்தான் பயப்படணும்."

முதலில் உடைந்தவள் சர்பினி. தொழுகைத் துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, "எனக்கும் அப்படித்தான்டி. எனக்கும் அப்படித்தான் ஆச்சு" என்றாள். அந்த வாயிலிருந்து நக்கல் இல்லாத பேச்சை ஊர் அன்றுதான் கேட்டது. அதற்குப் பிறகு அங்கங்கே விசும்பல். இத்தனை வருஷம் டைல்ஸ் கணக்கு மட்டுமே பேசிக்கொண்டிருந்த பெண்கள், பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னார்கள். ஒருத்தி வந்து வினார்சியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஹெஸ்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே, நீங்கள் மடியுனுக்கும் வந்து இதைச் சொல்ல வேண்டும் என்றாள். வினார்சி அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கி விலக்கிக் கடைசி வரிசையைத் தேடினாள். ருமி அழுதுகொண்டிருந்தாள். டானாங்கின் உச்சந்தலையில் வாயை வைத்து அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள்.

போதும், ஆண்டவனே, என்று வினார்சிக்குத் தோன்றியது. பாயு போனாலும் போகட்டும்.

இருவரும் வாய்க்கால் ஓரமாக வீட்டுக்கு நடந்தார்கள். மழை விட்டிருந்தது. டானாங் தூங்கிவிட்டான். ருமி வெகுநேரம் பேசவில்லை. பேசாமல் வருவதே நல்ல சகுனம் என்று வினார்சி நினைத்தாள். துக்கிரானிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளேன்."

"ரெண்டாவது வருஷம்னு சொன்னியே. ஆரம்பத்துலயா, கடைசியிலயா?"

எதற்குக் கேட்கிறாள் என்று வினார்சிக்கு உறைக்கவில்லை. மத்தியானத்திலிருந்து உண்மையே பேசிப் பழகிய வாய், நினைவுபடுத்திப் பார்த்து, ஆரம்பத்தில்தான், தைவான்காரர்களுடைய புது வருஷம் முடிந்து கொஞ்ச நாளில், என்று சொல்லிவிட்டது.

ருமி நின்றாள். அவள் முகத்தில் அழுகையின் வீக்கம் இருந்தது. ஆனால் பல மாதங்களாக இல்லாத ஒரு தெளிவும் இருந்தது.

"எனக்கு இருந்த பயம் அது ஒண்ணுதான்க்கா. வேலைக்கு நான் பயப்படல, அந்த ஊருக்குப் பயப்படல. இவனை விட்டுட்டு எப்படி இருக்கப்போறோம், சாகற வரைக்கும் இப்படியே பிச்சுத் தின்னுமேன்னுதான் தள்ளிக்கிட்டே இருந்தேன். ஒரு வருஷம்தான்னா பல்லைக் கடிச்சுக்கலாம்."

வினார்சி ருமியின் தோளைப் பிடித்து, இல்லை, அது அப்படி இல்லை, நான் கூட்டத்துக்காகக் கூட்டிச் சொன்னேன், இன்றைக்கும் வலிக்கிறது, ஒரு நாள்கூட வலிக்காமல் இருந்ததில்லை என்று என்னென்னவோ சொன்னாள். நீ ஒருத்தி அழுதால் போதும் என்றுதான் அதைச் சொன்னேன் என்றும் சொன்னாள். நடுவழியில் நின்றுகொண்டு, வாயில் வந்த பொய்யை எல்லாம் சொன்னாள்.

ருமி பொறுமையாகக் கேட்டாள். அக்காவின் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டாள்.

"இப்ப பொய் சொல்லாதக்கா. அங்க சொன்னதுதான் நெசம். கேட்ட எல்லாருக்கும் அது தெரிஞ்சுது. உனக்கு வலிக்கலைங்கறது எனக்கும் தெரியும். பாயு உன்ன நீங்கன்னு கூப்பிடும்போது உன் மூஞ்சிய நான் பாத்துருக்கேன்."

தன் முகத்தில் இருந்தது வலிதான் என்று வினார்சி எப்படி நிரூபிப்பாள்? அவளுக்கே அது என்னவென்று தெரியாது. ஊரையே அழவைத்த வாயால், சொந்தத் தங்கையிடம் ஒரு வார்த்தையைத் திருப்பி வாங்க முடியவில்லை.

அன்று பாயு இருட்டிய பிறகு வந்தான். காதுக்கு எட்டியிருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. நேராகப் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் ருமி வேலியிலிருந்து சீந்தில் கொடியை அறுத்துக்கொண்டு வந்தாள். ஊரில் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க அதைத்தான் அரைத்துப் பூசுவார்கள், எட்டிக்காய்க் கசப்பு. அரைத்ததைக் காம்பில் தடவிக்கொண்டு, அக்கா வீட்டுப் பாயிலேயே உட்கார்ந்து பிள்ளையை எடுத்தாள். டானாங் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு வாயை வைத்தான். அடுத்த நொடி முகம் சுருங்கியது. நாக்கை வெளியே தள்ளி, அம்மாவைப் பார்த்தான். யாரோ தப்பு செய்துவிட்டார்கள், அம்மா சரிசெய்துவிடுவாள் என்பது போல மறுபடியும் வாயை வைத்தான். பிறகு வீடு அதிர வீறிட்டான்.

ருமி அவனைத் தூக்கி வினார்சியின் மடியில் போட்டாள். எழுந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால் கட்டி, ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. வினார்சி அவன் நாக்கைத் துணியால் துடைத்தாள். அவன் அவளை உதைத்து, அம்மாவை நோக்கிக் கையை நீட்டினான்.

"வலிக்குதுக்கா, உயிர் போற மாதிரி வலிக்குது" என்றாள் ருமி, திரும்பிப் பார்க்காமல். "பரவால்ல. போயிடும்."