உப்புக்கு அசராத புல்

அன்று காலை எட்டரை மணிக்கு அந்தப் புல்வெளியில் நின்றவர்கள் ஐந்து பேர். வீட்டுச் சொந்தக்காரர், எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடும் மனிதர், கப்பல் கம்பெனியில் மேஜை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கடலில் கால் நனைத்ததே இந்த வீட்டைக் கட்டிய பிறகுதான். தோட்டம் அமைத்துக் கொடுக்கும் நிறுவனத்தின் முதலாளி. நகத்தில் மண் பட்டதில்லை, கையில் எப்போதும் படப்புத்தகம் இருப்பதால் அவருக்குக் கேட்லாக் என்று பெயர். தோட்டக்காரர், குழாயைச் சுருட்டுகிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர். பக்கத்து வீட்டு அக்கா. யாரும் கூப்பிடாமல் வந்தவள், கையில் ஒரு பாட்டில் தண்ணீர். பிறகு அந்த அக்காவின் கூடப்பிறந்த தங்கை, கேட்லாக்கிடம் வேலை பார்ப்பவள், இந்தத் தோட்டத்தை வரைந்தவள். பிளான்காரி என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். காலடியில் இருந்த புல்லை வேரோடு பிடுங்கி யார் முகத்திலாவது எறிய வேண்டும் போல அவளுக்கு இருந்தது. யார் முகத்தில் என்பதுதான் முடிவாகவில்லை.

கேட்லாக் பிளாஸ்டிக் மேஜையின் மேல் புது வரைபடத்தை விரித்தார். கடலைப் பார்த்த மணல் மேட்டில் இன்னொரு புல்வெளி. அதற்கு இரண்டாவது ஆழ்துளைக் கிணறு. தோட்டம் வரைந்தவர் கையெழுத்து இல்லாமல் கிணற்றுக்கு அனுமதி கிடைக்காது.

"ஒரே ஒரு கையெழுத்தும்மா. அஞ்சு நிமிஷ வேலை. போட்டுட்டு டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிடலாம்."

அக்கா பாட்டிலைக் கொண்டுவந்து வரைபடத்தின் நடுவில் வைத்தாள். "எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி. சோறு வடிக்க எடுத்துக்குங்க. உப்புப் போடற வேலை மிச்சம்."

கேப்டன் பாட்டிலைத் தொடவில்லை. "கடல் பக்கத்துல வீடு இருந்தா அப்படி இப்படித்தாம்மா இருக்கும்."

"கடல் நாங்க பொறந்ததுலேர்ந்து அங்கேயேதாங்க இருக்கு. நீங்கதான் புதுசு."

இதைச் சொல்லும்போது அக்கா தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை. நான்கு மாதமாக இப்படித்தான். முதலில் போனில் சொன்னாள், சோப்பு நுரைக்கவில்லை என்று. அப்புறம் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் பாயும் இடத்து வாழையில் இலை ஓரங்கள் கருகுகின்றன என்றாள். பார்க்கலாம், விசாரிக்கிறேன் என்று தங்கை இழுத்தடித்தாள். அதன்பிறகு போன் வருவது நின்றுபோனது.

இந்த மனைக்குத் தங்கை முதன்முதலில் வந்தது இரண்டரை வருடத்துக்கு முன்பு. ஒரே ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு வரைகிற ஆள் இல்லை அவள். வெயில் காலத்தில் ஒருமுறை, காற்றுக் காலத்தில் ஒருமுறை, மழை கொட்டும்போது முழங்கால் வரை நனைந்துகொண்டு ஒருமுறை வந்தாள். மூன்று நிறப் பென்சிலால் மனையை மூன்றாகப் பிரித்தாள். முன்பக்கம் உப்புக் காற்று நேராக அடிக்கிற இடம். அங்கே தடித்த இலைச் செடிகள், கருகினாலும் மறுபடி துளிர்ப்பவை. நடுவில் வீட்டின் மறைவில் மழையே விழாத வறண்ட மணல். அங்கே கற்றாழையும் கூழாங்கல்லும் போதும். பின்பக்கம் தாழ்வான பள்ளம். மழையில் கணுக்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்று மெதுவாக உள்ளே இறங்கும். அந்தப் பள்ளம்தான் சுற்றியிருந்த எட்டு வீட்டுக் கிணறுகளுக்கும் வாய். இது தீவு. மணலுக்குக் கீழே இருப்பது கடல்தான். இறங்குகிற மழைத் தண்ணீர் அதன் மேல் பாலின் ஆடை மாதிரி மெல்லிசாக மிதக்கிறது. மேலாக மொண்டு குடிக்கலாம், ஆழத்தில் குழாய் விட்டு உறிஞ்சக்கூடாது. பள்ளத்தைத் தூர்க்கக்கூடாது என்று வரைபடத்தில் சிவப்பில் எழுதி அடிக்கோடும் போட்டாள்.

கேப்டனுக்குப் புல்வெளி வேண்டும். புல்வெளி இல்லாத வீடு வீடா என்றார். அவள் தேடித் தேடி ஒரு புல்லைக் கண்டுபிடித்தாள். உப்புக்கு அசராத புல். கடல் தண்ணீர் கலந்து ஊற்றினாலும் பச்சையாக நிற்கும். அந்தத் தேர்வைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. வரைபடத்தின் ஓரத்தில் எழுதினாள்: வேர் பிடிக்கும் வரை தினமும் தண்ணீர். அவள் மனதில் இருந்தது ஆறு வாரம். மனதில் இருந்தது காகிதத்தில் ஏறவில்லை.

அவள் வேறொரு தோட்டத்தை வரைய வெளியூர் போயிருந்த மாதத்தில் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று பள்ளத்தைத் தூர்த்தார்கள். ஆழ்துளைக் கிணறு இறங்கியது. ஆறு வாரம் ஒன்றரை வருடமானது. சாதாரணப் புல்லாக இருந்திருந்தால் மூன்றாம் மாதமே மஞ்சளாகியிருக்கும், கேப்டன் அலறியடித்துக்கொண்டு தண்ணீரைச் சோதிக்க ஓடியிருப்பார். இந்தப் புல் வாயே திறக்கவில்லை. எட்டுக் கிணறும் கரித்துக்கொண்டு வந்தது. இது மட்டும் பச்சைப் பசேல் என்று சிரித்துக்கொண்டு நின்றது. வேறு யாரும் இதைச் செய்யவில்லை. எச்சரிக்கை மணியைக் கழற்றி எறிந்தது அவளுடைய படிப்பு, அவளுடைய கெட்டிக்காரத்தனம்.

"முதல்ல இருக்கற போரை மூடுங்க. ரெண்டாவதைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றாள்.

கேட்லாக் பையிலிருந்து பழைய வரைபடத்தை எடுத்தார். தேடவே இல்லை, தயாராகத்தான் வந்திருந்தார். விரலை ஓரத்தில் வைத்தார். "இது யாரு எழுதினது?"

"நான்தான். ஆறு வாரம்னு நினைச்சு எழுதினேன்."

"நினைச்சதை எழுதியிருக்கணும்மா. புல்லு புதுசு புதுசா வேர் விட்டுக்கிட்டேதான் இருக்கும். கேப்டன் சார் உன் பேச்சைத்தான் கேட்டு நடக்கறாரு."

அவர் சொன்னது சரி. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்த ஆள் வாழ்க்கையில் ஒரு செடியை நட்டதில்லை, ஆனால் சரியாகச் சொல்கிறான்.

"பள்ளத்தை மூடாதீங்கன்னும் எழுதியிருக்கேனே. அது கண்ணுல படலையா?"

"அது ஆலோசனை" என்றார் கேட்லாக்.

கேப்டன் நடுவில் புகுந்தார். அவருக்குச் சண்டை பிடிக்காது. "நானும் மனுஷன்தாம்மா. வீட்டுல வடிகட்டற மெஷின் வெச்சிருக்கேன். நம்ம தோட்டக்காரருக்கு தினம் ரெண்டு கேன் குடுக்கறேன், கேட்டுப் பாருங்க. எட்டு வீட்டுக்கும் குடுத்துட்டாப் போச்சு."

தோட்டக்காரர் ஏற்கெனவே சுருட்டி வைத்த குழாயைப் பிரித்து மறுபடி சுருட்டினார்.

அக்கா சிரித்தாள். "கேட்டியா? எங்க தண்ணியை உறிஞ்சி, வடிகட்டி, எங்களுக்கே தர்மம் பண்றாராம். கும்பிட்டு வாங்கிக்கணும், இல்ல பிளான்காரி?"

அக்கா அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பாட்டிலை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள். கேட்டைக்கூடச் சாத்தவில்லை.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் தங்கை.

கேட்லாக் வரைபடத்தைச் சுருட்டி ரப்பர் வளையம் மாட்டினார். "சரி. கையெழுத்துப் போட ஆளா கிடைக்காது? நாளைக்கு வேற பொண்ணு வரும். நீ உன் மேஜையைக் காலி பண்ணிக்க." கோபமே இல்லாமல் சொன்னார். பிறகு இரண்டு ஆண்களும் டீ குடிக்க உள்ளே போனார்கள்.

மாட்டேன் என்று சொன்னதால் எதுவும் நிற்கப் போவதில்லை. எட்டு வீடும் இனி கேனைத் தூக்கிக்கொண்டு இந்த வாசலில் நிற்கும், அக்கா நிற்கமாட்டாள், வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது போய்விடுவாள். இது அவளுக்கு வெயில் மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. திட்டுவதற்கு எஞ்சியிருந்தது ஒரே ஆள்.

"நீங்களும் அந்த எட்டு வீட்டுல ஒருத்தர்தானே? உங்க கிணத்தை நீங்களே கெடுக்கறீங்க. தினம் எப்படிங்க அந்த ஸ்விட்சைப் போட கை வருது?"

தோட்டக்காரர் குழாயைக் கீழே போட்டார். "கத்தாதீங்க. எனக்கு எழுதிக் குடுத்ததைச் செய்யறேன். வாங்க, காட்டறேன்."

மோட்டார் அறை வீட்டுக்குப் பின்னால், தூர்த்த பள்ளத்தின் மூலையில் இருந்தது. ஜன்னல் இல்லை. கிரீஸும் ஈர இரும்பும் கலந்த வாடை. சுவரில், ஸ்விட்சுக்கு மேலே, அவள் வரைபட ஓரத்தில் எழுதிய அந்த வரியை அவள் கையெழுத்திலேயே பெரிதாக்கி, ஈரம் படாதபடி பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தார்கள். தினமும் என்ற சொல்லில் அவள் போட்ட சுழி இரண்டு விரல் அகலத்துக்கு வளர்ந்திருந்தது.

"கேப்டன் ஒட்டினாரு. நான் ஒரு நாள் விட்டுட்டேன்னு."

தரையில் கிணற்றுக் குழாயின் வாய். நேற்று பழுது பார்க்க வந்தவர்கள் மூடியைச் சரியாக முடுக்காமல் போயிருந்தார்கள். தோட்டக்காரர் அதைக் காலால் தள்ளினார். உள்ளே கறுப்பு.

"இதுக்குள்ள நாலு கை ஜல்லி விழுந்தாப் போதும். குழாய்க்குள்ள இறங்கியிருக்கற மோட்டார் இறுகிக்கும். ஓடவும் ஓடாது, மேலே இழுக்கவும் முடியாது."

"இன்னொண்ணு போடுவாங்க."

"போடுவாங்க. அனுமதி வாங்க நாலு மாசம் ஆகும். நடுவுல ஒரு மழைக்காலம் இருக்கு, கிணறு கொஞ்சம் தேறிக்கும்."

அவள் அவரைப் பார்த்தாள். "இவ்வளவு தெரிஞ்சும் நீங்க ஏன் போடல?"

"எனக்குத்தான் ரெண்டு கேன் தராரே" என்றார். அதில் கிண்டல் இல்லை. அவளுக்கு அவர் கன்னத்தில் அறைய வேண்டும் போலவும் இருந்தது, அந்த அறையை வாங்க வேண்டியது தான்தான் என்றும் இருந்தது.

அவர் வெளியே போனார். திரும்பி வந்தபோது இடுப்பில் ஓர் இரும்புச் சட்டி. கார் நிறுத்தும் இடத்துக்குக் கொட்டியதில் மிச்சமிருந்த ஜல்லி. அதை அவள் காலடியில் சத்தமில்லாமல் இறக்கினார். நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"பத்து மணிக்குத் தண்ணி விட வருவேன், அதுவரைக்கும் இங்க யாரும் வரமாட்டாங்க. உள்ளே ஆள் இருக்கறது தெரியாமப் பூட்டிட்டேன்னு சொல்லிடுவேன்."

"பழி எல்லாம் என் தலையில."

"பின்னே? கையெழுத்து உங்களுதுதானேம்மா."

சொல்லிக்கொண்டே அவர் வாசலைத் தாண்டினார். இரும்புக் கதவு தரையை உரசிக்கொண்டு வந்து சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டுக்குள் சாவி ஒருமுறை திரும்பி, நின்று, இன்னொருமுறையும் திரும்பியது.