பீச்சாங்கைப் பயிற்சி

இடக்கையால் பல் துலக்கினால் மூளை விழித்துக்கொள்ளும் என்று அந்த மனுஷனுக்கு யார் சொல்லித் தொலைத்தார்களோ தெரியவில்லை. வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நாவல் எழுதப்போகிறேன் என்று வீட்டில் உட்கார்ந்த நாள் முதல் இந்தக் கூத்துதான். அன்றாடப் பழக்கங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் கற்பனை ஊற்றெடுக்குமாம். ஊற்றெடுத்தது என்னவோ எச்சில் நுரைதான். கண்ணாடியில் தெறித்து, கோடு கோடாக வழிந்து, காய்ந்து கிடந்தது. அதைத் துடைத்தவள் அவர் மனைவி, தையல்காரி. துடைக்கும்போதே அவளுக்குக் குமட்டியது.

பல்லோடு விட்டாரா? சாப்பாட்டையும் அந்தக் கையாலேயே பிசைய ஆரம்பித்தார். பாதி வாய்க்குள், மீதி தாடிக்குள். மகள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

"கழுவுற கையால அள்ளிச் சாப்பிடறீங்களே, உங்களுக்கே அருவருப்பா இல்லையா?"

"இடக்கைன்னு சொல்லு. அது படைப்பாளியோட கை."

"ஊரே அதைப் பீச்சாங்கைன்னுதான் சொல்லுது. காரணம் இல்லாமலா சொல்றாங்க?"

உப்பு இருந்த இடத்தில் சோப்புத்தூள் வந்தது. நாற்காலிகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. சாப்பிட்ட தட்டைச் சாப்பிட்ட இடத்திலேயே போட்டுவிட்டு எழுந்து போகிற பழக்கத்தை மட்டும் மகராசன் மாற்றவே இல்லை.

தையல்காரிக்கென்று இருந்தது விடியற்காலை ஒன்றுதான். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பதிலும் கிழிசலுக்கு ஒட்டுப் போடுவதிலும் பகல் கரைந்துவிடும். விடியும்போது மட்டும் அதே மேசை, அதே மூலை, அதே காது உடைந்த கோப்பை. பழுப்புத்தாளை விரித்து, உடைகளின் கழுத்துக்குப் பூவேலை வரைவாள். சுற்றி எதுவும் மாறாமல் இருந்தால்தான் அவள் கை புதிதாக ஒன்றைப் போடும். துணிக்கடைக்காரம்மா சொல்லியிருந்தார்: "வெள்ளிக்கிழமை ஒரு புது டிசைன் கொண்டு வா. பிடிச்சிருந்தா இனிமே ஒட்டு வேலை வேண்டாம். வரையறதுதான் உன் வேலை."

அதைக் கேட்ட நாள் முதல் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்கும் வந்தது கேடு. தாமதமாக எழும் பழக்கத்தை மாற்றுகிறேன் என்று அவரும் விடியலில் எழுந்துவந்து எதிரே உட்கார்ந்தார். தேநீரை உறிஞ்சுவார், செருமுவார், முந்தின நாள் எழுதிய ஒற்றை வரியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். அந்தச் சத்தத்தில் அவள் போட்ட கொடி பாதியிலேயே நின்றுபோகும்.

வியாழக்கிழமை அவள் குளித்துவிட்டு வந்தபோது, அவர் தரையில் சப்பணமிட்டு எதையோ நறுக்கிக்கொண்டிருந்தார். கையில் துணிக் கத்தரி. தையல் வீட்டில் அந்தக் கத்தரியைக் காகிதத்தில் வைக்கமாட்டார்கள். முனை மழுங்கிப்போகும், பிறகு பட்டுத்துணியை வெட்டாமல் கடித்து இழுக்கும். அவர்கள் மகளுக்கு நடக்கத் தெரிந்த வயதிலேயே அது தெரியும். சரி, கத்தரியைச் சாணை பிடிக்கலாம். அவர் நறுக்கியது அவளுடைய பழுப்புத்தாளை.

"ஒவ்வொரு துண்டுலயும் ஒரு வார்த்தை எழுதிக் குலுக்கிப் போட்டா கதை தானா வரும்" என்றார்.

"அதுல என்ன வரைஞ்சிருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"ஏதோ கிறுக்கல்னு நெனச்சேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. இத்தனை நாள் அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்த மனுஷனுக்கு, அவள் என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அவர் தாடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வெள்ளி விடியலில், பின்பக்கமாக நடந்து பழகப்போகிறேன் என்று அவர் தெருவில் இறங்கினார். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். புதுத் தாளை விரித்தாள். நறுக்கிய துண்டுகளைப் பார்த்து வரையவில்லை. வேறொன்று வந்தது, அதைவிட நன்றாகவே வந்தது.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"கதவைத் திற. முட்டி பேந்துபோச்சு, கால்ல சாணி வேற."

"வேலையா இருக்கேன்."

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"என்ன வேலை? என்ன வரையற?"

கல்யாணமாகி இன்றைக்குத்தான் அதைக் கேட்கிறார். அவள் பென்சிலைத் தாளிலிருந்து எடுக்கவில்லை, தலையையும் தூக்கவில்லை.

"கடையில மாட்டுவாங்க. அங்க போய்ப் பாத்துக்கங்க" என்றாள்.